மனசு வலித்தால் யாரிடம் சொல்வது?

(வீரபாண்டியில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, சந்தா, உள்கடன், வங்கிக் கடன், தவணை. இதைப் பற்றியெல்லாம் பேசிப் பேசி நமக்கு நல்ல பழக்கம். இன்றைக்கு நான் பேசப் போவது பணத்தைப் பற்றி இல்லை. மனசைப் பற்றி. தலைப்பைக் கேட்டதும் பின்னால் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழு. ஊர்ப் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். அந்த அக்கா, "மத்தவுகளுக்கு உதவும்னா சொல்லுத்தா, பேரை மட்டும் சொல்லாத" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வேலை பார்க்கிறவர். விடிவதற்கு முன்னாடி கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், அதை அடைக்க வாங்கிய வாரக் கடன், அதை அடைக்க இன்னொரு வாரக் கடன். அவ்வளவு கஷ்டத்திலும் குழுவில் ஒரு சந்தா பாக்கி வைத்தது கிடையாது.

அப்படிப்பட்டவர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் நானும் இருந்தேன். தீர்மான நோட்டை வாங்கிப் பார்த்தேன். "விதின்னா எல்லாருக்கும் விதிதான், அபராதம் எழுதுங்க" என்று ஊக்குநரிடம் சொன்னதே நான்தான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள் நான். மனித மனசைப் பற்றிப் பரீட்சை எழுதி மார்க் வாங்கியவள். அன்றைக்கு எனக்கு வருகைப் பதிவேடுதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து அவருடைய மதினி எனக்குப் போன் பண்ணினார். "மேடம், மதினி பேச்சு சரியில்ல. நான் போயிட்டா எல்லாருக்கும் பாரம் குறையும்னு சொல்லுது. எனக்குப் பயமா இருக்கு."

நானும் ஊக்குநர் அக்காவும் ஓடினோம். வெயில் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். தலை சீவி எத்தனை நாள் ஆனதோ. "எனக்கு ஒண்ணுமில்லத்தா, ஒடம்பு அசதி" என்றார். உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. உடம்பு வலிக்கு ஊசி போட்டாயிற்று, டானிக் குடித்தாயிற்று, கோடாங்கியிடம் குறி கேட்டாயிற்று. காத்து கருப்பு என்று சொல்லி, அதற்கும் செலவு செய்தாயிற்று. மனசுக்கு வைத்தியம் உண்டு என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்த அக்காவுக்கு அப்புறம் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்ணுக்கு ஒரு நியாயம், மனசுக்கு ஒரு நியாயமா?

நம்ம வீரபாண்டிக் கோயிலின் தலவரலாறு உங்கள் எல்லாருக்கும் தெரியும். பார்வை இழந்த பாண்டிய மன்னன் இங்கே வந்து கௌமாரியம்மனை வேண்டிக் கண் பெற்றான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுக்கிற எத்தனையோ பேர் ஆத்தா காலடியில் தங்கள் கவலையை இறக்கி வைக்கிறார்கள். அழுகிறார்கள். மனசு லேசாகித் திரும்புகிறார்கள். அது நல்லதுதான். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்தால் என்ன செய்கிறோம்? ஆத்தாவையும் வேண்டிக்கொள்கிறோம். தேனியில் 1985ல் இருந்து இருக்கிற அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக ஆத்தா கோவித்துக்கொண்டாளா? இல்லையே. கண்ணுக்கு இரண்டும் செய்கிற நாம், மனசுக்கு மட்டும் ஏன் ஒன்றோடு நின்றுவிடுகிறோம்?

அப்படி நின்றுவிட்டதால் என்ன நடந்தது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. 2001ஆம் வருஷம் ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்து போனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேறு வழி தெரியாத குடும்பங்கள். அதன் பிறகுதான் நாடு முழுக்க இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் அரசு மனநல சிகிச்சையும் கொடுக்க ஏற்பாடு வந்தது. அதற்கு 'தவா துவா' என்று பெயர். தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. இரண்டும் சேர்ந்து போகலாம் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

கவுன்சிலிங் என்றால் என்ன?

மனக்கஷ்டம் எல்லாம் மனநோய் இல்லை. எல்லாக் காய்ச்சலும் டைபாய்டு இல்லை என்பதுபோல. சாவு, கடன், புருஷன் குடி, பிள்ளை படிப்பு, மகள் வாழாமல் திரும்பி வந்தது, குழந்தை இல்லாத ஏக்கம், மாதவிலக்கு நிற்கிற வயசு. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் வருவதுதான். தாங்குகிற அளவில் இருக்கும்போது நாமே சமாளித்துவிடுகிறோம். தாங்க முடியாமல் போகும்போது கைகொடுப்பதுதான் கவுன்சிலிங். தமிழில் மனநல ஆலோசனை என்கிறோம். ஆற்றுப்படுத்துதல் என்றும் சொல்வார்கள். ஆறு என்றால் வழி என்றொரு அர்த்தம் உண்டு. வழி தெரியாமல் நிற்கிறவரை வழியில் கொண்டுபோய் விடுவதுதான் ஆற்றுப்படுத்துவது.

கவுன்சிலிங் என்பது அறிவுரை சொல்வது இல்லை. அறிவுரைக்கு நம் ஊரில் பஞ்சமே கிடையாது. "மனசைத் தேத்திக்க", "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்க", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?" இப்படிச் சொல்ல நூறு பேர் உண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை. ஆலோசகர் முதலில் கேட்பார். ஒரு தனி அறையில், உங்களைத் தவிர வேறு யாரும் இல்லாமல். சாதாரணமாக வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு ஏழு தடவை போக வேண்டி வரும். ஒரே தடவையில் தீர்ந்துவிடாது. சொன்னதை வெளியே சொல்ல மாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உங்களைக் காப்பாற்றத் தேவையானவரிடம் சொல்வார்.

கேட்டு முடித்த பிறகு வேலை ஆரம்பிக்கும். அதற்குப் பல முறைகள் இருக்கின்றன. நமக்குப் புரிகிற மாதிரி மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பது. மனசு பாரமாக இருக்கும்போது எல்லாம் ஒரே மூட்டையாகத் தெரியும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் பத்துச் சாமான் இருக்கும். நம் கையில் இருப்பது எது, கையில் இல்லாதது எது? முதலில் எதை எடுப்பது? ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று ஆலோசகரோடு சேர்ந்து முடிவு செய்வது. அடுத்த வாரம் நடந்ததா இல்லையா என்று பார்ப்பது.

இரண்டாவது, சின்னச் சின்ன வேலையை மறுபடி ஆரம்பிப்பது. மனசு சோர்ந்தால் ஆள் படுத்துவிடுகிறார். படுக்கப் படுக்கச் சோர்வு கூடுகிறது. "மனசு சரியானதும் எந்திரிக்கிறேன்" என்று நினைக்கிறோம். இந்த முறையில் அதைத் திருப்பிப் போடுவார்கள். எழுந்து கொஞ்சம் செய், மனசு பின்னாலேயே வரும். காலையில் குளிப்பது, வாசலில் கோலம் போடுவது, பக்கத்து வீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து வருவது. இவ்வளவுதான் ஆரம்பம்.

மூன்றாவது, நினைப்பைச் சோதித்துப் பார்ப்பது. "நான் எதுக்கும் லாயக்கில்லாதவ" என்று மனசு சொல்கிறது. அது உண்மையா? அதற்குச் சாட்சி என்ன? எதிர்ச்சாட்சி என்ன? இருபது வருஷமாகக் குடும்பத்தை நடத்தியவள் லாயக்கில்லாதவளா? குழுவில் கணக்கு எழுதும்போது வாய்ச்சொல்லை நம்பாமல் ரசீதைப் பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரி மனசு சொல்கிற கணக்குக்கும் ரசீது கேட்பது.

சிலருக்கு இதோடு மாத்திரையும் தேவைப்படும். அதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்வார்.

பேசினால் சரியாகுமா?

"பேச்சு சோறு போடுமா மேடம்?" என்று ஓர் அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்றொரு நாடு. அங்கே டாக்டர் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பார்த்த ஓர் இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வர பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் போய், தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வர முடியவில்லை என்றால், அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும்" என்று அந்த டாக்டர் முடிவு செய்தார். பணம் இல்லை, டாக்டர்களும் இல்லை. 2006ல் ஹராரே நகரத்தில் 14 பாட்டிமார்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்து வாசலில் ஒரு மரபெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். கஷ்டம் உள்ளவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார். நான் முதலில் சொன்னேனே, பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பது, அந்த முறைதான். அதற்கு நட்பு பெஞ்சு என்று பெயர்.

அந்த ஊர் மொழியில் மனச்சோர்வுக்கு 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அதிகமாக யோசிக்கிறது என்று அர்த்தம். நாமும் அதைத்தானே சொல்கிறோம்? "அவளுக்கு ஒரே ரோசனை" என்று! 573 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு இன்னும் மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் பாட்டியோடு பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

இரண்டாவது நம் நாட்டிலேயே, கோவாவில். சங்காத் என்ற தொண்டு நிறுவனம். மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டுத் தடவை பேச வைத்தார்கள். நான் சொன்ன இரண்டாவது முறை. சின்ன வேலையை மறுபடி ஆரம்பிப்பது. 2017ல் வந்த முடிவு இது. மூன்று மாதத்தில், பேச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் மனச்சோர்வில் இருந்து மீண்டிருந்தார்கள். அது இல்லாதவர்களில் 39 பேர்.

கவனியுங்கள். 100க்கு 100 இல்லை. எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா விடுவதற்கும், உட்கார்ந்து முறையாகப் பேசுவதற்கும் வித்தியாசம் பெரிசு.

எப்போது தேவை?

கவலை எல்லாருக்கும் வரும், போகும். கீழே சொல்வதில் பலதும் சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாகத் தினமும் இருந்தால் சும்மா இருக்கக் கூடாது.

தூக்கம் வருவதில்லை, அல்லது நாள் முழுக்கத் தூக்கம். பசி இல்லை. எதிலும் பிடிப்பு இல்லை, பிடித்த நாடகம்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. காரணம் தெரியாமல் அழுகை. சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது. நெஞ்சடைப்பு, படபடப்பு, தலைவலி, உடம்பு வலி என்று ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிப் போயும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். எல்லாத்துக்கும் நான்தான் காரணம் என்ற குற்ற உணர்ச்சி. செத்துப் போனால் தேவலை என்ற நினைப்பு. இந்தக் கடைசி நினைப்பு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

இன்னொன்று. ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே மாதிரி அசதியும் சோர்வும் வரும். அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில், தாய் பிள்ளையைப் பார்க்காமல் அழுதுகொண்டே இருந்தால், "பச்சை உடம்புக்காரிக்குத் திமிரு" என்று வையாதீர்கள். அதுவும் வைத்தியம் பார்த்தால் தீரக்கூடிய சோர்வுதான்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்குப்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நம் குழுவில் இருபது பேர் என்றால், இரண்டு பேர்.

எங்கே போவது?

நோட்டு வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

14416. மத்திய அரசின் டெலி மானஸ் திட்டத்தின் இலவசத் தொலைபேசி. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இருபத்து நாலு மணி நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம். மாடு மேய்க்கிற இடத்தில் இருந்துகூடப் பேசலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை.

மாவட்ட மனநலத் திட்டம். 1996ல் நாட்டில் நாலு மாவட்டங்களில் ஆரம்பித்தபோது நம் திருச்சியும் அதில் ஒன்று. இன்று தேனி மாவட்டத்திலும் இருக்கிறது. க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற அரசு மருத்துவமனைகளுக்கு மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியமும் இலவசம், மாத்திரையும் இலவசம்.

104. நம் தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி.

181. அடி, உதை, மிரட்டல் என்றால் பெண்களுக்கான உதவித் தொலைபேசி.

2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவது நம் உரிமை. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தண்டனை இல்லை, சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள்.

எது கவுன்சிலிங் இல்லை?

அடிக்கிற புருஷனோடு "அனுசரிச்சுப் போ" என்று சொல்வது கவுன்சிலிங் இல்லை. அது அடிக்குத் துணை போவது. அடிவாங்குகிறவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதற்கு 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. ஆலோசகர் அவளுக்குத் தைரியம் வருவதற்கு உதவுவார். அடியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்க மாட்டார்.

கவுன்சிலிங் கடனையும் அடைக்காது, இறந்தவரையும் கொண்டுவராது. கடன்காரர் வாசலில் நின்று கத்தினால், அதற்குக் கூட்டமைப்பும் சட்டமும்தான் வழி. கடன் வசூலில் மிரட்டுவதையும் கட்டாயப்படுத்துவதையும் தடுக்க 2025ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் அந்தப் புகாரைக் கொடுக்க எழுந்து நிற்கத் தெம்பு வேண்டுமே. அந்தத் தெம்பைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கவுன்சிலிங்கின் வேலை.

நம் குழு என்ன செய்யலாம்?

ஒன்று, கவனியுங்கள். ஒழுங்காக வருகிறவர் வராமல் போனால், கலகலவென்று பேசுகிறவர் பேசாமல் போனால், அதுதான் முதல் அடையாளம்.

இரண்டு, கேளுங்கள். தனியாகப் போய், "ஏத்தா, மனசு சரியில்லையா?" என்று கேளுங்கள். சாகணும்னு நினைப்பு வருதா என்றே நேராகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத நினைப்பைத் தூண்டிவிட்டது ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டால்தான் அவர் பாரத்தை இறக்கி வைக்க முடியும்.

மூன்று, அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். அழுதால் அழவிடுங்கள்.

நான்கு, ரகசியம் காப்பாற்றுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாய் போகட்டும், குழு வாயை நாம் மூடலாம். ஒருத்தி சொன்னது குழாயடிக்குப் போய்விட்டால், அப்புறம் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள்.

ஐந்து, கூடவே போங்கள். "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொன்னால் போக மாட்டார்கள். "வா, நானும் வர்றேன்" என்றால் வருவார்கள். முதல் தடவை பஸ் ஏறுவதுதான் கஷ்டம்.

ஆறு, தோட்டத்து மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், 1986ல் இருந்து சென்னையில் தற்கொலைத் தடுப்பு வேலை செய்கிற சிநேகா அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஒரு காரியம் செய்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நடந்த தற்கொலைகள் குறைந்தன. சாகிற வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் கைக்கெட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் மிஞ்சும். ஊர்ப் பெட்டி இல்லை என்றாலும், தோட்டத்து ரூமில் பூட்டி வைத்துச் சாவியை வேறு ஆளிடம் கொடுக்க நம்மால் முடியும்.

ஒரு எச்சரிக்கை. நாம் டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"மாத்திரை போட்டா அதுவே பழகிப் போயிருமே?" மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் போதைபோலப் பழகுவது இல்லை. வேலை செய்ய ஆரம்பிக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சரியானதுபோலத் தெரிந்ததும் நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை வேறு. அதை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

"வெளிய தெரிஞ்சா மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காதே?" இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் காசநோய்க்கும் இப்படித்தான் மறைத்தோம். மறைத்ததால் நோய்தான் முற்றியது. முதலில் 14416க்குப் போன் பண்ணுங்கள், அதில் யார் கண்ணுக்கும் படப் போவதில்லை.

"எங்க வீட்டு ஆம்பள வர மாட்டாரே?" கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் முதலில் போங்கள். குடிக்கிறவருடைய பெண்டாட்டிக்கும் பாரம் இருக்கிறது, அதை இறக்கி வைக்க அவர் அனுமதி தேவையில்லை.

அந்த அக்கா

அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தே 14416க்குப் பேசினோம். மதினி இரண்டு ராத்திரி கூடப் படுத்துக்கொண்டார். வீட்டில் இருந்த பூச்சிமருந்து டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றினோம். அடுத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "என்னைப் பைத்தியம்னு எழுதிருவாகளா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இல்லை என்றேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாராவாரம் ஆலோசகரிடம் போனார்.

முதல் இரண்டு தடவை அழுகை மட்டும்தான். மூன்றாவது தடவை, எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி வரச் சொன்னாராம். எழுதப் பயந்தார். மகள் எழுதிக் கொடுத்தாள். "மனசுக்குள்ள மலையா இருந்துச்சுத்தா, தாள்ல பார்த்தா பன்னெண்டு வரிதான்" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பன்னிரண்டு வரியில் எதை முதலில் அடைப்பது என்று பேசினார்கள். குழுவும் சேர்ந்து ஒரு வாரக் கடனை அடைக்க உள்கடன் கொடுத்தது. புருஷன் செத்ததுக்கு இதுவரை வாய்விட்டு அழவே இல்லை என்பதும் அந்த அறையில்தான் வெளியே வந்தது. ஜீப்புக்கு நேரமாகிவிடும் என்று பதினாறாம் நாளே வேலைக்குப் போனவர் அவர்.

இன்று கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. சில நாள் இன்னும் படுத்துக்கொள்கிறார். ஆனால் தூங்குகிறார், சாப்பிடுகிறார், தோட்டத்துக்குப் போகிறார். போன மாதக் கூட்டத்துக்கு வந்து, அபராதத் தொகையை மேசை மேல் வைத்தார். நான் வாங்கவில்லை. குழுவே தீர்மானம் போட்டு அந்த அபராதத்தை ரத்து செய்தது.

அதனால் இந்தக் கூட்டமைப்பின் முன்னால் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தீர்மான நோட்டில் வருகை எழுதும் பக்கத்தில், "வராதவர் பெயர், அபராதம்" என்று இரண்டு கட்டம் இருக்கிறது. நடுவில் இன்னொரு கட்டம் போடுவோம். "யார் போய்ப் பார்த்து வந்தார்?" அபராதம் எழுதுவதற்கு முன்னால் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். காரணத்தை அதில் எழுத வேண்டாம், போய்ப் பார்த்தவர் பெயர் மட்டும் போதும்.

இதற்குச் சம்மதம் என்றால் அடுத்த கூட்டத்தில் இருந்தே ஆரம்பிப்போம்.